இடம்பெயர்ந்த குடும்பத்தின் மனநலம்: அருகில் இருப்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

போரால் ஊரைவிட்டு எழும்பிய குடும்பத்துக்கு மனநல உதவி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ஓர் அறை, ஒரு மேசை, எதிரே ஓர் உளவளத்துணையாளர். அந்த அறை தேவைப்படுவோர் உண்டு. ஆனால் பெரும்பாலான குடும்பங்கள் உடைவதும் எழும்புவதும் அதற்கு வெகு முன்பே. சமையலை எங்கே செய்வது, பிள்ளையை எந்தப் பாடசாலையில் சேர்ப்பது, தொலைந்த அடையாள அட்டையை எப்படி எடுப்பது என்ற இடங்களில்தான் அது நடக்கிறது. அந்த இடங்களில் கூட நிற்பவர் ஒரு சித்தியாக, மாமாவாக, அயலவராக, ஆசிரியராக, முகாமில் தொண்டு செய்யும் இளைஞராக இருப்பார். அவருக்காகவே இதை எழுதுகிறேன்.

இலங்கையின் வடக்கை முன்வைத்து எழுதுகிறேன். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் 70,000 பேருக்கு மேல். அவர்களில் பெரும்பகுதியினர் புத்தளத்தில் ஒதுங்கினார்கள். 1995 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதி இலட்சக்கணக்கில் எழும்பி, மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தது. 2009 இல், போரின் இறுதியில், வன்னிப் பெருநிலத்திலிருந்து வெளியே வந்த ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் செட்டிகுளம் மெனிக் பாம் முதலிய முகாம்களில் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டார்கள். மெனிக் பாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில்தான். கடல் கடந்தவர்கள் 1983 முதல் அலை அலையாகத் தமிழ்நாட்டு முகாம்களுக்குப் போனார்கள். ஒரே குடும்பம் பத்து இடம் மாறியதும் உண்டு. உங்கள் முன்னால் இருக்கும் குடும்பம் இவற்றில் எதிலிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளாமல் உதவி தொடங்கினால், நல்ல எண்ணமே காயப்படுத்திவிடும்.

முதல் படி: பேச்சுக்கு முன் கூரையைப் பாருங்கள்

நெருக்கடிக் காலத்தில் மனநல உதவி எப்படி அமைய வேண்டும் என்று சர்வதேச அமைப்புகள் சேர்ந்து 2007 இல் வெளியிட்ட வழிகாட்டல், நான்கு அடுக்குகளைச் சொல்கிறது. அடியில் பாதுகாப்பும் அடிப்படைத் தேவைகளும். அதற்கு மேல் குடும்பமும் சமூகமும் தரும் ஆதரவு. அதற்கு மேல் பயிற்சி பெற்ற உதவியாளர்கள். உச்சியில் மனநல வைத்தியர்கள். நம்மில் பலர் உச்சியிலிருந்து தொடங்கி, அடித்தளத்தை அரசாங்க அலுவலகத்துக்கு விட்டுவிடுகிறோம்.

ஆகவே முதல் நாள் கேட்க வேண்டியவை இவை. குடும்பத்தில் யாராவது பிரிந்து வேறு முகாமில் இருக்கிறார்களா? இரவில் பெண்கள் கழிவறைக்குப் போகும் வழியில் வெளிச்சம் இருக்கிறதா? குளிக்க மறைப்பு உண்டா? பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி உறுதி எவை கையில் உள்ளன, எவை இல்லை? ஏற்கனவே மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர் உண்டா? நீரிழிவுக்காரர், வலிப்பு உள்ளவர், முன்பே மனநோய்க்கு மருந்து குடித்தவர் ஆகியோரின் மருந்து இடப்பெயர்வில் அறுந்துபோயிருக்கும். அதை மீண்டும் தொடங்கவைப்பது மற்ற எல்லாவற்றையும்விட அவசரமானது.

தறப்பாள் கூடாரத்திலும், தமிழ்நாட்டு முகாமின் பத்துக்குப் பத்தடி அறையிலும் ஒரு சேலையைக் குறுக்கே கட்டினால் அதுதான் தனியறை. கணவன் மனைவி சண்டையும், வளர்ந்த மகளின் கூச்சமும், தாத்தாவின் இருமலும் அந்தச் சேலைக்கு இருபுறமும்தான். இன்னொரு தறப்பாளும் நான்கு தடிகளும் கிடைக்கச் செய்தால் அதுவும் மனநலப் பணிதான்.

வாக்குறுதி மட்டும் கொடுக்காதீர்கள். “உங்கள் மகனைத் தேடித் தருகிறேன்” என்ற ஒரு சொல்லை நம்பி ஒரு தாய் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பார்.

இரண்டாம் படி: நடந்ததைக் கிண்டாதீர்கள்

“நடந்ததை எல்லாம் கொட்டித் தீர்த்தால் பாரம் குறையும்” என்று படித்தவர்களே நம்புகிறார்கள். பேரனர்த்தம் நடந்த கையோடு ஆளை உட்காரவைத்து, கண்டதையும் கேட்டதையும் வரிசையாகச் சொல்லவைக்கும் முறை ஒருகாலத்தில் உலகெங்கும் நடந்தது. அது பின்னாள் பாதிப்பைத் தடுக்கவில்லை என்றும், சிலருக்கு நிலைமையை மோசமாக்கலாம் என்றும் ஆய்வுகள் காட்டின. உலக சுகாதார நிறுவனம் அதைக் கைவிடச் சொல்லிவிட்டது. அதன் இடத்தில் 2011 இல் வந்த உளவியல் முதலுதவிக் கைநூல் எளிமையானது: பார், கேள், இணை. என்ன தேவை என்று பாருங்கள். அவர் சொல்ல விரும்பும் அளவுக்குக் கேளுங்கள். உறவினரோடும் சேவைகளோடும் இணைத்துவிடுங்கள்.

அவராகவே பேசத் தொடங்கினால், குறுக்கே பேசாமல் இருங்கள். அமைதி நீண்டால் பயப்படத் தேவையில்லை. “கடவுள் விட்ட வழி”, “உங்களைவிட மோசமாகப் பட்டவர்கள் இருக்கிறார்கள்”, “பிள்ளைகளுக்காக அழக்கூடாது” ஆகிய மூன்றும் நம் ஊரில் ஆறுதல் போலச் சொல்லப்படுகின்றன. மூன்றும் வாயை மூடச் சொல்பவை. “அம்மா, நான் இங்கே இருக்கிறேன். அவசரமில்லை” என்பது போதும். அவரே ஆண்டவனைப் பற்றிப் பேசினால் அது வேறு. அவருடைய நம்பிக்கையை அவர் வழியிலேயே விடுங்கள்.

இன்னொன்றையும் எச்சரிக்க வேண்டும். வன்னியில் ஒரு வீட்டுப் பிள்ளை விரும்பி இயக்கத்துக்கு, அதாவது விடுதலைப் புலிகளிடம், போயிருப்பான். பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள். இரண்டு தாய்மாரும் ஒரே முகாமில் இருப்பார்கள். “எல்லாரும் வட்டமாக இருந்து அனுபவத்தைப் பகிருவோம்” என்று அழைப்பவருக்கு அந்த வட்டத்தில் யார் யாரோடு பேசாமல் இருக்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். கண்காணிப்பு உள்ள இடத்தில் பெயர், இயக்கத் தொடர்பு, வன்முறை விவரம் எதையும் கொப்பியில் எழுதிவைக்காதீர்கள். பாலியல் வன்முறையைப் பற்றி ஒரு பெண்ணோ ஆணோ உங்களிடம் சொன்னால், அவருடைய சம்மதமின்றி அது கணவனுக்கும் போகக்கூடாது, மாமியாருக்கும் போகக்கூடாது. மருத்துவ உதவி எங்கே கிடைக்கும் என்று சொல்லி, முடிவை அவரிடமே விடுங்கள். முதல் சில நாட்களுக்குள் வைத்தியசாலைக்குப் போனால்தான் சில தடுப்பு மருந்துகள் பயன்படும் என்பதையும் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: எது இயல்பு, எது நோய்

முதல் வாரங்களில் நித்திரை வராது. திருவிழா வெடி கேட்டால் பிள்ளை கட்டிலுக்குக் கீழே போய்விடும். ஹெலிகொப்டர் சத்தத்துக்குப் பெரியவர்களே நிலத்தில் படுப்பார்கள். இது உயிரைக் காத்த பழக்கம்; ஷெல் விழுந்த இடத்தில் பங்கருக்குள் ஓடக் கற்ற உடம்பு, ஓட வேண்டாம் என்று உடனே கற்றுக்கொள்ளாது. பெரும்பாலானோருக்கு இது மெல்ல மெல்லக் குறையும். “உனக்குப் பைத்தியம் இல்லை, இது இப்படித்தான் வரும், குறையும்” என்று சொல்வதே பலருக்கு மருந்து.

எத்தனை பேருக்குக் குறையாமல் நிற்கிறது? போர் நடந்த நாடுகளில் எந்த ஒரு நேரத்திலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருக்கும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட மதிப்பீடு. யாழ்ப்பாண மாவட்டத்தில் 2009 இல் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், பேரதிர்ச்சிக்குப் பிந்திய மனவடுவின் அறிகுறிகள் மொத்தத்தில் 7 சதவீதத்தினரிடம் இருந்தன. அந்த நேரத்தில் இடம்பெயர்ந்து இருந்தவர்களிடம் 13 சதவீதம். மனச்சோர்வு அறிகுறிகள் மொத்தத்தில் 22 சதவீதம். இடம்பெயர்ந்தவர்களிடம் 42 சதவீதத்தை நெருங்கின. யார் எவ்வளவு கொடுமையைக் கண்டார்கள் என்பதையும் கணக்கில் சேர்த்தபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. இடம்பெயர்ந்தவர்கள் கூடுதலாகக் கண்டிருந்தார்கள் என்பதே அதன் பொருள்.

இந்த எண்களில் நான் கவனிப்பது ஒன்று: மனவடுவைவிட மனச்சோர்வு பல மடங்கு அதிகம். அதிர்ச்சியை மட்டும் தேடிக்கொண்டு போகும் உதவியாளர், மூலையில் பேசாமல் இருக்கும் அப்பாவைக் காணாமல் விட்டுவிடுவார்.

நம் மக்கள் மனக்கவலையை உடம்பால் சொல்வார்கள். தலையிடி, நெஞ்சு அடைப்பு, உடம்பெல்லாம் எரிவு, கை கால் உளைவு, பெருமூச்சு. “ஒன்றுமில்லை, எல்லாம் மனம்தான்” என்று சொல்லிவிடாதீர்கள். ஒருமுறை வைத்தியரிடம் காட்டுங்கள். இரத்தச்சோகையும் தைரொயிட்டும்கூட இப்படி வரும். உடம்பில் குறை இல்லை என்று தெரிந்த பிறகு, “இந்த நெஞ்சு அடைப்பு எந்த நேரத்தில் கூடுகிறது?” என்று கேளுங்கள். பதில் பெரும்பாலும் ஒரு பெயரிலோ ஒரு திகதியிலோ வந்து நிற்கும்.

நோயின் அளவுகோல், அன்றாடம் ஓடுகிறதா என்பதுதான். ஒரு மாதத்துக்கு மேலாகியும் குளிக்கவில்லை, சமைக்கவில்லை, பிள்ளை அழுதாலும் திரும்பவில்லை, வேலை இருந்தும் போகவில்லை என்றால் ஏழாம் படிக்குப் போங்கள். இல்லாத குரல் கேட்பது, உயிரை மாய்க்கும் பேச்சு ஆகியவை இருந்தால் மாதக்கணக்கு பார்க்க வேண்டாம்.

நான்காம் படி: நாளை ஒழுங்குபடுத்துங்கள்

முகாம் வாழ்க்கை மனிதரிடமிருந்து முதலில் பறிப்பது நேரத்தை. நிவாரண வரிசை தவிர வேறு வேலை இல்லை. விவசாயிக்கு வயல் இல்லை, கடற்றொழிலாளிக்கு வள்ளம் இல்லை. அரிசியும் பருப்பும் நிவாரண அட்டைக்கு வருகின்றன. வீட்டில் தன் இடம் எது என்று தெரியாத தகப்பன் கசிப்புக்கு (கள்ளச்சாராயத்துக்கு) போவதற்கும் அடிப்பதற்கும் அது நியாயமாகாது. காரணத்தை அறிந்தால்தான் கைவைக்க இடம் கிடைக்கும்.

உலக சுகாதார நிறுவனம் உருவாக்கி, பாகிஸ்தானின் பெஷாவரில் சோதித்து 2016 இல் முடிவுகள் வெளியான ஒரு முறை உண்டு. ஐந்து சந்திப்புகள்தான். மனநலப் பட்டம் இல்லாத, பயிற்சி பெற்ற சாதாரணமானவர்களே நடத்தினார்கள். பதற்றமும் மனச்சோர்வும் கணிசமாகக் குறைந்தன. பயிற்சி இல்லாமல் அதை முழுமையாகச் செய்ய முடியாது. ஆனால் அதன் நான்கு தூண்களை எந்த வீட்டிலும் எடுத்துக்கொள்ளலாம்: உடம்பைத் தளர்த்துவது, தீர்க்கக்கூடிய ஒரு பிரச்சினையை எடுத்துச் சிறு துண்டுகளாக்குவது, விட்டுவிட்ட ஒரு வேலையை மீண்டும் தொடங்குவது, ஒரு நம்பகமான ஆளிடம் போவது.

தளர்த்துவதற்கு மூச்சு போதும். முதுகை நிமிர்த்தி உட்காரச் சொல்லுங்கள். ஒரு கை வயிற்றில். வயிறு எழும்ப மெல்ல மூச்சை இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடுவது. இதைச் சில நிமிடங்கள், காலையும் படுக்கும் முன்னும். கண்ணை மூடச் சொல்லாதீர்கள். அடைத்து வைக்கப்பட்டிருந்தவர்களுக்குக் கண்ணை மூடினால்தான் காட்சிகள் வரும். யாழ்ப்பாணத்தில் மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் சவாசனத்தையும், அவரவர் மதத்தின் செபத்தையும் இதனோடு சேர்த்துப் பயன்படுத்தினார்கள். சைவருக்கு “ஓம் நமசிவாய”, கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர். புதிதாக எதையும் கற்பிக்காமல் தெரிந்ததையே கையில் கொடுப்பதால் அது நிற்கிறது.

பழைய காட்சி திடீரென்று வந்து ஆளை இழுத்துக்கொண்டு போனால், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பாதத்தை நிலத்தில் அழுத்தச் சொல்லுங்கள். இன்று என்ன கிழமை, எதிரே தெரியும் ஐந்து பொருள்கள் எவை என்று கேளுங்கள். அனுமதியின்றித் தொடாதீர்கள்.

வேலையைச் சிறிதாகத் தொடங்குங்கள். இரண்டு கோழி, ஒரு பாத்திக் கீரை, கிழிந்த வலை. “சும்மா இருக்காமல் ஏதாவது செய்யுங்கள்” என்பது அறிவுரை. “அண்ணை, நாளைக்குக் காலையில் அந்த வேலியை அடைக்க நீங்கள் வேண்டும்” என்பது உதவி. கூப்பிட்டவர் கட்டாயம் வந்து நிற்க வேண்டும்.

ஐந்தாம் படி: பிள்ளைகள்

பாடசாலையை எவ்வளவு விரைவாகத் தொடங்க முடியுமோ அவ்வளவு நல்லது, மரத்தடியில் என்றாலும். சிறு பிள்ளை படுக்கையை நனைப்பது, விரல் சூப்புவது, தாயின் சேலையை விடாமல் பிடிப்பது எல்லாம் சில காலம் வரும். அடிப்பதும் பழிப்பதும் அதை நீட்டிக்கும். ஆமி–இயக்கம் விளையாட்டை உடனே தடுக்காதீர்கள். ஒவ்வொரு நாளும் ஒரே முடிவோடு, சிரிப்பில்லாமல் அதே விளையாட்டைத் திரும்பத் திரும்ப ஆடும் பிள்ளையை மட்டும் கவனியுங்கள்.

அப்பா எங்கே என்று கேட்கும் பிள்ளைக்கு “வெளிநாட்டில் இருக்கிறார்” என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. பத்து வயதில் அந்தப் பொய்யைப் பாடசாலையில் வேறொரு பிள்ளை உடைத்துவிடும். தெரிந்ததை வயதுக்கேற்ற சொல்லில் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள்.

வடகிழக்கின் தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடம் நடத்திய ஓர் ஆய்வு 2008 இல் வெளிவந்தது. போரும் சுனாமியும் மட்டுமல்லாமல், வீட்டில் நடக்கும் அடியும் தகப்பனின் குடியும் பிள்ளையின் மனவடுவோடு சேர்ந்து நிற்பதை அது காட்டியது. போரை நாம் நிறுத்த முடியாது. பிள்ளையைக் காப்பாற்ற வேண்டுமானால் வீட்டுக்குள் விழும் அடியை நிறுத்த வேண்டும்.

ஆறாம் படி: காணாமல் ஆக்கப்பட்டவர் உள்ள வீடு

மற்றப் படிகளில் செய்யும் பிழையைத் திருத்தலாம். இங்கே கடினம். இறந்தவருக்கு எட்டுச் செலவு உண்டு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி உண்டு, ஆட்டைத் திவசம் உண்டு. ஊர் வந்து அழுது, உண்டு, கலைந்து போகும். துக்கத்துக்கு ஒரு நாட்காட்டி இருக்கிறது. இராணுவத்தின் கையில் ஒப்படைத்த மகன் திரும்பி வராத தாய்க்கு எந்த நாளும் இல்லை. உளவியலாளர் பவுலின் பாஸ் இதைத் தெளிவற்ற இழப்பு என்று விளக்கினார். முடிவு தெரியாததால்தான் துக்கம் உறைந்து நிற்கிறது. மனம் பலவீனமானதால் அல்ல.

கணவன் காணாமல் ஆக்கப்பட்ட பெண் பொட்டு வைத்தால் ஒரு கூட்டம் பேசும், வைக்காவிட்டால் இன்னொரு கூட்டம் பேசும். மகளின் கலியாணத்தில் அவர் எங்கே நிற்பது என்று உறவினர் கூடிப் பேசுவார்கள். உறவினராக நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு அவரை முன்வரிசையில் நிற்கவைப்பது.

“இருக்கிறார்” என்றும் சொல்லாதீர்கள், “போய்விட்டார், கிரியையைச் செய்துவிடுங்கள்” என்றும் சொல்லாதீர்கள். ஒரே வீட்டில் தாய் இருக்கிறார் என்பார், மூத்த மகன் இல்லை என்பான். இருவரும் ஒரே முடிவுக்கு வர வேண்டியதில்லை. ஒருவர் நம்பிக்கையை மற்றவர் துரோகம் என்று எண்ணாமல் இருந்தால் போதும். திதி கொடுக்க முடியாத வீட்டில், பிறந்த நாளில் கோயிலில் அவர் பெயரில் ஓர் அர்ச்சனையோ, தேவாலயத்தில் ஒரு மெழுகுதிரியோ, ஏழைகளுக்கு ஒரு வேளைச் சோறோ முடியும். அவை இருப்பவருக்கும் பொருந்தும், இல்லாதவருக்கும் பொருந்தும்.

காசும் காணியும் வங்கிக் கணக்கும் வந்தால் மரணச் சான்றிதழ் கேட்பார்கள். அதில் கையெழுத்திடுவது மகனைத் தன் கையால் கொல்வது போல என்று தாய்மார் சொல்வார்கள். 2016 முதல் இலங்கைச் சட்டத்தில், இறந்தார் என்று சொல்லாமல் காணவில்லை என்பதை மட்டும் உறுதிசெய்யும் சான்றிதழ் உண்டு. அதைப் பற்றிச் சொல்லிவிட்டு விலகுங்கள்; எடுக்கச் சொல்லி நெருக்காதீர்கள்.

2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகள் எங்கே என்று கேட்டு வீதியோரப் போராட்டப் பந்தல்களில் தொடர்ந்து இருந்த தாய்மாரை “இன்னும் எத்தனை நாளைக்கு” என்று கேட்பவர்கள் உண்டு. ஒரே இழப்புள்ளவர்கள் கூடி இருப்பதும், கேள்வியை உரத்துக் கேட்பதும் நோயின் அறிகுறி அல்ல. பல பெண்களுக்கு வீட்டைவிட்டு வெளியே வரக் கிடைத்த ஒரே காரணம் அந்தப் பந்தல்.

ஏழாம் படி: வைத்தியசாலைக்கு எப்போது, எப்படி

தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். “வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறதா? உயிரை மாய்த்துக்கொள்ள நினைத்தீர்களா?” கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை, பலர் அந்தக் கேள்விக்காகக் காத்திருப்பார்கள். ஆம் என்றால் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தையும் மருந்துக் குளிசைகளையும் வீட்டிலிருந்து அகற்றுங்கள். கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடைசெய்ததால் 1990களின் நடுப்பகுதிக்குப் பின் இலங்கையில் தற்கொலை இறப்புகள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. கைக்கு எட்டாமல் வைப்பது அந்த அளவுக்கு உயிர் காக்கும். இலங்கையில் 1926, இந்தியாவில் 14416 ஆகிய எண்களில் இலவசமாகப் பேசலாம். 14416 இல் தமிழிலும் பேசலாம்.

வைத்தியசாலைக்கு ஆளைத் தனியே அனுப்பாதீர்கள். கூடப் போங்கள், பஸ் காசைக் கொடுங்கள். மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவு எந்தக் கிழமை நடக்கிறது என்று முன்பே விசாரியுங்கள். மனச்சோர்வுக்கான மருந்து வேலைசெய்ய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்குக் கூடுதலாகவும் எடுக்கும். இதைச் சொல்லாததால்தான் பலர் முதல் வாரத்திலேயே நிறுத்துகிறார்கள். மருந்துக் கடையில் வாங்கும் நித்திரைக் குளிசை வேறு. அதிர்ச்சிக்குப் பிந்திய முதல் மாதத்தில் நித்திரையின்மைக்கு அந்த வகைக் குளிசையைக் கொடுக்க வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு, எளிதில் பழக்கமாகிவிடும்.

நூல் கட்டுவதையும் திருநீறு போடுவதையும் எதிர்த்துச் சண்டை பிடிக்காதீர்கள். “கோயிலுக்கும் போவோம், கிளினிக்குக்கும் போவோம்” என்றால் குடும்பம் வரும். கட்டிவைப்பது, அடிப்பது, மருந்தை நிறுத்தச் சொல்வது ஆகியவை நடக்கும் இடமென்றால் மட்டும் உறுதியாக மறுத்துவிடுங்கள்.

எட்டாம் படி: திரும்பிப் போகும் நாள்

மீள்குடியேற்றத்தோடு எல்லாம் முடிந்தது என்று உதவியாளர்கள் விடைபெறும் நேரத்தில்தான் பல குடும்பங்கள் சரிகின்றன. முகாமில் ஊர் இருந்தது; காணியில் பற்றை இருக்கிறது, கூரையில்லாத சுவர் இருக்கிறது, பக்கத்து வீட்டில் ஆளில்லை. போகும் முன் ஒருவர் போய்ப் பார்த்து வந்து, உள்ளதை உள்ளபடி வீட்டாருக்குச் சொல்லட்டும். கண்ணிவெடி அகற்றப்பட்டதா என்று கேட்காமல் பிள்ளைகளைக் கூட்டிச் செல்ல வேண்டாம். அயல் வீடுகள் இரண்டு மூன்று சேர்ந்து ஒரே வாரத்தில் திரும்பினால் இரவுகள் எளிதாகும்.

புத்தளத்தில் பிறந்த பிள்ளைக்கும், தமிழ்நாட்டு முகாம்களான மண்டபத்திலோ கும்மிடிப்பூண்டியிலோ வளர்ந்த பிள்ளைக்கும் அது திரும்புதல் அல்ல, புதிய இடப்பெயர்வு. நண்பரையும் பாடசாலையையும் விட்டு வரும் அந்தத் துக்கத்தைப் பெரியவர்களின் மகிழ்ச்சிக்கு அடியில் புதைக்காதீர்கள். போவதா, இருப்பதா, யார் முதலில் போவது என்ற பேச்சில் பதினைந்து வயதுப் பிள்ளைக்கும் ஓர் இடம் கொடுங்கள்.

2009 இல் போர் முடிந்த நாளான, இறந்தவர்களை நினைவுகூரும் மே 18 ஐ ஒட்டிய வாரமும், அந்தந்த வீட்டின் சொந்தத் திகதிகளும் ஆண்டுதோறும் வரும். வருமுன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்: அன்று யார் கூட இருப்பது, எங்கே போவது, போக விரும்பாதவர் வீட்டில் என்ன செய்வது. அந்த வாரத்தில் புதிய சந்திப்பு எதையும் வைக்காமல், நினைவுக் கஞ்சி காய்ச்சும் இடத்துக்கு நீங்களும் போய் ஒரு வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். கேட்டுக் கேட்டு உங்களுக்கே நித்திரை கெட்டால் சில வாரம் வேறொருவரிடம் பொறுப்பை மாற்றுங்கள். யாரிடம் மாற்றுகிறீர்கள் என்பதை அந்தக் குடும்பத்துக்கு நேரில் போய்ச் சொல்லிவிட்டு விலகுங்கள்.